வெயில் நேரத்து விசிறி

பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் மர்சலின் ஓடுவாள். நாற்பத்தாறு வயது, கனத்த உடம்பு. புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பள்ளி வாசலைத் தாண்டுவதைப் பார்த்து மாணவிகள் சிரிப்பார்கள். ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்துவிடுவாள். வரும்போது ரவிக்கையின் முதுகெல்லாம் நனைந்திருக்கும். சாப்பிட்டாளா என்று நான் கேட்டதில்லை. சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

மயிலாப்பூரில் உள்ள அந்தப் பெண்கள் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை, அவள் ஆய்வக உதவியாளர். மீட்டர்களை எடுத்து வைப்பது, கம்பிகளின் முனையை உப்புத்தாளால் தேய்ப்பது, செய்முறைத் தேர்வு நாளில் பிள்ளைகள் அழுதால் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள்தான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். பதினாறு வருடமாக ஒரே அறையில் இருந்ததில், எந்த மீட்டரின் முள் எங்கே சிக்கும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் வீடு சாந்தோமில், கடலுக்குப் போகும் ஒரு சந்துக்குள். பள்ளியிலிருந்து எட்டு நிமிடம். அங்கே அவள் கணவர் ஆரோக்கியநாதன் படுத்திருந்தார். நந்தனத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குபவராக இருபத்திரண்டு வருடம் நின்றவர். தொண்ணூற்றிரண்டில் ஒரு காலை, லிஃப்டுக்குள்ளேயே சாய்ந்துவிட்டார். நாலாவது மாடியில் கதவைத் திறந்தவர்கள்தான் தூக்கி வெளியே போட்டிருக்கிறார்கள். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் துண்டு துண்டாகத்தான் வரும். பிள்ளைகள் கிடையாது. மர்சலின் மதியம் ஓடிப்போய் அவரை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு வருவாள். காலையிலிருந்து மாலை வரை ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அது நாலு குடித்தனம் இருந்த பழைய வீடு. வீட்டுக்காரம்மாள் தொண்ணூற்று மூன்றில் இறந்துபோனாள். சொத்து அவள் அண்ணன் மகன் கிளாரன்ஸ் கைக்கு வந்தது. அப்போது சாந்தோமிலும் மந்தைவெளியிலும் அடையாறிலும் பழைய வீடுகளையெல்லாம் இடித்து ஃப்ளாட் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிளாரன்ஸும் ஒரு பில்டரோடு பேசி முடித்துவிட்டான். மூன்று குடித்தனங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டன.

“ஆன்ட்டி, நீங்க மட்டும்தான் பாக்கி” என்றான் கிளாரன்ஸ்.

“எட்டு நிமிசத்துல ஸ்கூலுக்கு வர்ற மாதிரி ஒரு வீடு காட்டு தம்பி, நாளைக்கே போறேன்” என்றாள் மர்சலின்.

அவன் ஆதம்பாக்கத்தில் காட்டினான், மடிப்பாக்கத்தில் காட்டினான். பிறகு காட்டுவதை நிறுத்திவிட்டான். தொண்ணூற்று நாலு மார்ச் மாதம், தன் அத்தை பெயரில் இருந்த மின் இணைப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ஊழியர்கள் வந்து மீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவன் வாசலில் நின்று, “தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி, எனக்கும் வேற வழி தெரியலை” என்றானாம். அவன் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது என்று மர்சலின் என்னிடம் சொன்னாள். அதுதான் அவளுக்கு அதிகக் கோபத்தைக் கொடுத்தது.

அந்த வருடக் கத்திரி வெயிலை அவர்கள் மின்விசிறி இல்லாமல் கழித்தார்கள். அவருடைய முதுகு முழுவதும் வேர்க்குரு வந்து, அது வெடித்துப் புண்ணாயிற்று. இடது கையால் மட்டும் சொறிந்துகொள்ள முடியும், அந்தக் கை முதுகுக்கு எட்டாது. மர்சலின் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே இருப்பாள். ஒரு கையால் கஞ்சியைக் கிளறிக்கொண்டு மறு கையால் வீசுவாள்.

கோர்ட்டில் மனு போட்டிருந்தாள். அய்யாதுரை என்ற வக்கீல், நல்ல மனிதர், பங்குக் கோயில் வழியாகப் பழக்கமானவர், அவளுக்காக ஆஜரானார். வாடகைக்கு இருப்பவரின் மின்சாரத்தை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்று சட்டம் தெளிவாக இருக்கிறது, இரண்டு மாதத்தில் உத்தரவு வாங்கிவிடலாம் என்றார். வாய்தா மேல் வாய்தா போயிற்று.

இந்த நிலையில்தான் நான் ஒரு வார்த்தையைச் சொன்னேன். ஜூலை மாதம், பிளஸ் டூ வகுப்புக்கு ஒளிமின் விளைவு பாடம். பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். அவர்களை எழுப்புவதற்காக, “இதுக்குப் பெரிய தொழிற்சாலை எதுவும் வேணாம். செம்புத் தகட்டை நல்லா சூடு பண்ணினா அது மேல செந்நிறமா ஒரு படலம் வரும். அதையும் சாதாரண செம்புத் தகடு ஒண்ணையும் உப்புத் தண்ணியில நிக்க வெச்சு வெயில்ல வைங்க, கரண்ட் வரும்” என்றேன். பின்னால் குழாயடியில் மர்சலின் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் ஆய்வகத்துக்குள் நுழையும்போதே கேட்டாள்.

“நேத்து சொன்னீங்களே மிஸ், செம்புத் தகடு. அது நெசமா?”

“நெசம்தான். ஆனா ரொம்பக் கொஞ்சமா வரும், மர்சலின். விளையாட்டு மாதிரி.”

“கொஞ்சம்னா?”

“முள்ளு அசையற அளவுக்கு.”

அவள் தலையாட்டினாள். முள் அசைந்தால் மின்சாரம் இருக்கிறது என்று பதினாறு வருடமாக மாணவிகளுக்கு அவளே சொல்லிக்கொண்டிருந்தவள்.

தெற்கு மாட வீதியில் பாத்திரக் கடையில் யந்திரம் எழுதுவதற்கென்று செம்புத் தகடு விற்பார்கள். அங்கே போய்க் கேட்டிருக்கிறாள். “எந்த யந்திரம்மா, எந்த சாமிக்கு?” என்று கடைக்காரர் கேட்க, கழுத்தில் சிலுவையோடு நின்றவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “வெயிலுக்கு” என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

தகட்டைச் சூடுபண்ண மின்சார அடுப்பு வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பில் கரிதான் பிடித்தது. மின்சாரம் செய்ய மின்சாரம் இருக்கிற வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது அவளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேரே மந்தைவெளியில் என் வீட்டுக்கு வந்தாள். சுருள் கம்பி அடுப்பில் தகட்டை வைத்தோம். ஆரஞ்சும் ஊதாவுமாக நிறங்கள் ஓடின. பிறகு முழுக்கக் கறுத்துப்போயிற்று. அரை மணி நேரம் அப்படியே விட்டோம். என் கணவர் எட்டிப் பார்த்து, “என்ன, தோசைக்கல் பழக்கிண்டிருக்கேளா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அடுப்பை அணைத்ததும் தகடு ஆற ஆற, கறுப்புப் படலம் தானாகச் சடசடவென்று தெறித்து விழுந்தது. அடியில் செங்கல் நிறத்தில் ஒரு மேனி. மர்சலின் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி, இரண்டு தகட்டையும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, மொட்டைமாடிக்கு எடுத்துப் போனோம். பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த மைக்ரோ அம்மீட்டரை இணைத்தேன். நிழலில் முள் லேசாக விலகி நின்றது. வெயிலில் வைத்ததும் ஐம்பது வரை ஏறிற்று. அவள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஒரு விசிறி சுத்தணும்னா இது மாதிரி எத்தனை வேணும் மிஸ்?”

நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் ஆசிரியை. “விசிறியை விடுங்க. ஒரு சின்ன டார்ச் பல்பு எரியவே அறுபதாயிரம் பாட்டில் வேணும்.”

அவள் தகடுகளைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். மொத்தம் பதினொரு பாட்டில் செய்து, சாந்தோம் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்தாள். எதற்கு என்று கேட்டேன்.

“அறுபதாயிரத்துல பதினொண்ணு குறைஞ்சுது, மிஸ்.”

வேடிக்கைக்குச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். வேடிக்கையாகத் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் பாட்டில் தண்ணீரெல்லாம் பச்சையாகி, செங்கல் நிறம் பெயர்ந்து, முள்ளும் அசையவில்லை.

அப்போது நான் இரண்டாவது வார்த்தையைச் சொன்னேன். அவள் மேல் எனக்கு ஏற்பட்ட பரிதாபம்தான் காரணம், அல்லது அந்தக் கணக்கைச் சொன்ன குற்ற உணர்ச்சி. அடையாறில் ஒரு கல்வி நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழி ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். சூரியத் தகடு செய்யும் இடங்களில் உடைந்துபோகும் சிலிக்கான் துண்டுகளை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள், அவை பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கு வருகின்றன என்று. துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வெயிலில் அரை வோல்ட் தரும். முப்பத்தாறு துண்டைச் சங்கிலி போலக் கோத்தால் ஒரு கார் விசிறியைச் சுற்ற வைக்கலாம்.

ரிச்சி தெருவில் ஹபீபுர் ரஹ்மான் என்பவர் கடையில் அவை இருந்தன. நானும் மர்சலினும் போனோம். பழைய ரேடியோ உதிரிகளுக்கு நடுவில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய, கருநீலமாக மின்னும் சில்லுகள்.

“இத்த வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போறீங்க? பசங்க கால்குலேட்டர் ரிப்பேருக்கு ஒண்ணு ரெண்டு வாங்கிக்கினு போவாங்க. லேடீஸ் யாரும் வந்ததில்ல” என்றார்.

“விசிறி ஓட்டணும்” என்றாள் மர்சலின்.

“கரண்ட் இல்லாத கிராமமா?”

“சாந்தோம்.”

அவர் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல், பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். “வெள்ளிக் கோடு இருக்கற துண்டா பாத்துப் பொறுக்குங்க. கோடு இல்லாதது வேஸ்ட்டு. பாத்தும்மா, அப்பளம் மாதிரி நொறுங்கிடும்.” இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பொறுக்கினாள்.

தலைமை ஆசிரியையிடம் நான் அனுமதி வாங்கித் தந்தேன். நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் அரை மணி நேரம் ஆய்வகத்தில் உட்கார்ந்து மர்சலின் பற்றவைப்பாள். சில்லுகளைத் தட்டில் கொட்டி அளவு வாரியாகப் பிரிப்பாள். மெல்லிய கம்பியை வெள்ளிக் கோட்டின் மேல் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஈயம் உருக்கும் சூட்டுக்கோலால் தொடுவாள். ஒரு நாளைக்கு நாலு துண்டு முடித்தால் அதிகம். அதில் இரண்டு உடையும். அவள் விரல் நுனியெல்லாம் கொப்புளம். ஒருமுறை இருபது துண்டு கோத்து முடித்த சங்கிலியை ஒரு மாணவி தெரியாமல் புத்தகப்பையால் இடித்துவிட்டாள். அந்தப் பெண் அழுதது. மர்சலின், “பரவால்ல கண்ணு, மீதி இருக்குது” என்று சொல்லிவிட்டு, அவள் போன பிறகு குழாயடியில் போய் வெகுநேரம் நின்றாள்.

அப்படி ஐந்து மாதம். தொண்ணூற்றைந்து மார்ச்சில் இரண்டு பலகைகள் தயாராயின. ஒட்டுப்பலகை மேல் துண்டுகளை வரிசையாகப் பொருத்தி, ஜன்னல் கண்ணாடி வைத்து மூடி, ஓரங்களை அடைத்தவை. புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் விற்கும் இடத்தில், டிரைவருக்கு முன்னால் வைக்கும் சின்ன விசிறி ஒன்று வாங்கிவந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது.

ஒரு சனிக்கிழமை நானும் போயிருந்தேன். மொட்டைமாடியில் பலகைகளை வைத்துவிட்டு, கம்பியை ஜன்னல் வழியாக இறக்கினோம். ஆரோக்கியநாதன் இடது பக்கம் சாய்ந்து கிடந்தார். அகலமான முகம், நரைத்த மீசையை மர்சலின் ஒழுங்காகக் கத்தரித்துவிட்டிருந்தாள். விசிறியை அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் வைத்துக் கம்பியை மாட்டினாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கி ஆரம்பித்து, வேகம் பிடித்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னாங்க? இன்னா தெரியுது?” என்று குனிந்து கேட்டாள்.

“காத்து” என்றார். கொஞ்சம் கழித்து, “மர்சி, காத்து.”

விசிறிக்கு பாட்டரி கிடையாது. வெயில் இருந்தால் சுற்றும், மேகம் மறைத்தால் தொய்யும், ஐந்து மணிக்கு மேல் நின்றுவிடும். ஆனால் அவருக்கு அதிகம் வேண்டியிருந்ததும் வெயில் நேரத்தில்தானே. ஒரு மாதத்தில் முதுகுப் புண் காய ஆரம்பித்தது. மர்சலின் ஓடுவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஆய்வகத்தில் வேலை செய்யும்போது அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில், கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்தது. வீட்டை நேரில் போய்ப் பார்த்து, மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று அறிக்கை தருவதற்கு ஒரு வக்கீலை அனுப்புவார்கள், அவருக்கு அந்தப் பெயர். மர்சலினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மீட்டர் இல்லாத பெட்டியைக் கண்ணால் பார்த்தால் போதாதா?

அய்யாதுரை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா, அந்த விசிறியை மட்டும் அன்னைக்குக் கழட்டி உள்ள வெச்சிடுங்க. பாட்டில், பலகை எதுவும் கண்ணுல படவேணாம்” என்றார்.

அவள் என்னிடம் வந்து கேட்டாள். “ஏன் மிஸ் மறைக்கணும்? கரண்டு இருந்தா நான் எதுக்கு இப்படிக் கஷ்டப்பட்டு இத்தச் செய்யப் போறேன்? இதைப் பாத்தாலே தெரியாதா அவங்களுக்கு?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இன்னும் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. எங்கள் ஆய்வகத்தில் உருவான பொருள். “காட்டுங்க மர்சலின். தைரியமா காட்டுங்க. இதைவிடச் சாட்சி என்ன வேணும்?” என்றேன்.

கமிஷனராக வந்தவர் முப்பது வயது இளைஞர். நல்ல வெயில் நேரம். அவர் உள்ளே வந்தபோது விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என்ன இது என்று ஆச்சரியமாகக் கேட்டிருக்கிறார். மர்சலின் மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்ப் பலகைகளைக் காட்டினாள். ஒவ்வொரு துண்டும் எத்தனை வோல்ட், ஏன் முப்பத்தாறு, வெள்ளிக் கோடு எதற்கு என்று எல்லாம் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார், குறித்துக்கொண்டார், நல்ல கேள்விகளாகக் கேட்டார். கைப்பிடிச் சுவரில் இருந்த பாட்டில்களைப் பற்றியும் கேட்டார். எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு, “ரொம்பத் திறமையா செஞ்சிருக்கீங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். மர்சலின் மறுநாள் அதை என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

அறிக்கையில் அவர் பொய் எதுவும் எழுதவில்லை. மனுதாரர் சொந்தச் சாதனங்களால் வீட்டிலேயே மின்சாரம் தயாரிக்கிறார். பார்வையிட்டபோது அறையில் விசிறி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மொட்டைமாடியில் மின்தகடுகள் நிறுவப்பட்டுள்ளன. இரசாயனத் திரவம் அடங்கிய கண்ணாடி பாட்டில்கள் பதினொன்று உள்ளன. அவ்வளவுதான். மீட்டர் பெட்டி காலியாக இருந்ததும் ஒரு வரியில் இருந்தது.

கிளாரன்ஸின் வக்கீலுக்கு அது போதுமானதாக இருந்தது. மின்சாரம் இல்லை என்கிறார், விசிறி ஓடுகிறதே என்றார். ஆகஸ்டில் மர்சலினின் மனு தள்ளுபடி ஆயிற்று. அதோடு நிற்கவில்லை. அனுமதியில்லாமல் மொட்டைமாடியில் சாதனம் நிறுவி, இரசாயனம் வைத்துக் கட்டடத்துக்குச் சேதம் விளைவிக்கிறார் என்று காலி செய்யச் சொல்லித் தனி வழக்குப் போட்டார்கள். அய்யாதுரை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “உப்புத் தண்ணிங்க அது, வெறும் உப்புத் தண்ணி” என்று மர்சலின் கோர்ட் வராந்தாவில் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் அவளிடம் சொன்னேன். “என்னாலதான் மர்சலின். நான் காட்டச் சொல்லியிருக்கக் கூடாது.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க சொல்லலைன்னாலும் காட்டியிருப்பேன் மிஸ். இத்தனை நாள்ல அதைப் பத்தி யாரு என்னைக் கேட்டாங்க? அவரு உக்காந்து கேட்டாரு.”

 

அந்த ஐப்பசி மழையில் பலகைகளுக்குள் ஈரம் இறங்கிற்று. நாங்கள் அடைத்த ஓரங்கள் கடல் காற்றைத் தாங்கவில்லை. கம்பி சேரும் இடமெல்லாம் பழுப்பேறி, விசிறி பாதி வேகத்துக்கு வந்தது. மர்சலின் ஒரு பலகையைப் பிரித்துச் சரிசெய்யப் பார்த்தாள். பிரிக்கும்போதே பாதித் துண்டுகள் உடைந்தன. மறுபடியும் ரிச்சி தெருவுக்குப் போனாள், சில்லுகள் வருவது நின்றுவிட்டது என்றார் ரஹ்மான். இருந்த ஒரு பலகையோடு ஓட்டினாள். தொண்ணூற்றாறு ஜூனில், யாரும் எதிர்பார்க்காத பெருமழை ஒன்று ஊரையே மூழ்கடித்ததல்லவா, அதில் அதுவும் போயிற்று. கண்ணாடிக்கு உள்பக்கம் தண்ணீர் நின்று ஆடியது. அவள் அதை மாடியிலேயே விட்டுவிட்டாள். மறுபடியும் பனையோலை விசிறி.

செப்டம்பரில் காலி செய்யும்படி உத்தரவு வந்தது. மூன்று மாத அவகாசம். அய்யாதுரை அப்பீல் போடலாம் என்றார். “வேணாங்கய்யா. அவரால இனிமே தாங்காது” என்றாள். அவளாலும் தாங்காது என்பதை அவள் சொல்லவில்லை.

டிசம்பரில் ஆதம்பாக்கத்துக்குப் போனார்கள். சந்துக்குள் தரைத்தளத்தில் ஓர் அறையும் சமையலறையும். மின்சாரம் இருந்தது. தலைக்கு மேலே புது மின்விசிறி. முதல் நாள் நான் போயிருந்தபோது அதை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தாள். ஆரோக்கியநாதனின் தலைமயிர் பறந்தது. ஆனால் அங்கேயிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ், ஒன்றேகால் மணி நேரம். காலையில் ஏழு மணிக்குப் புறப்பட்டால் மாலை ஆறு மணிக்குத்தான் வர முடியும். பன்னிரண்டரைக்கு மணி அடித்தால் அவள் எங்கேயும் ஓட முடியாது. ஆய்வகத்து ஸ்டூலில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பக்கத்து வீட்டு ஜைதூன் பீ மதியம் வந்து அவருக்குக் கஞ்சி கொடுப்பாள். நல்ல மனசுக்காரி, ஆனால் எழுபது வயது, மூட்டுவலி. “கஞ்சி குடுக்கறேன், மூஞ்சி தொடச்சி விடறேன். தூக்கித் திருப்ப என்னால முடியல பேட்டி, மகளே” என்று அவள் மர்சலினிடம் அழுதிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆள் வைத்தும் பார்த்தாள். வந்தவர்கள் ஒரு வாரம், பத்து நாள் நின்றார்கள். வேலையை விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். விட்டால் மருந்துக்கு வழியில்லை என்று அவளுக்கே தெரியும். தலைமை ஆசிரியையிடம் அரை நாள் வேலை கேட்டுப் பார்த்தோம். அப்படி ஒரு பதவி கிடையாது என்றார்கள்.

சித்திரைக்குள் இடுப்புக்குக் கீழே புண் வந்துவிட்டது. முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவு. விசிறிக் காற்றெல்லாம் மேலேயிருந்துதான் வந்தது, அவர் கிடந்த பக்கத்துக்குப் போகவில்லை. ஜூலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். சீழ் இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். கடைசி இரண்டு நாளும் அவர் பேசவில்லை. தொண்ணூற்றேழு ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி காலை இறந்துபோனார். வயது ஐம்பத்து மூன்று.

ஆதம்பாக்கம் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். பள்ளியிலிருந்து நாலைந்து பேர் போயிருந்தோம். மதியம் கிளாரன்ஸ் மாலையோடு வந்தான். யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்து மாலையைப் போட்டு, முழங்காலில் நின்று செபம் செய்துவிட்டு, மர்சலின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். மெலிந்திருந்தான்.

“வீடு கட்டி முடிச்சாச்சா தம்பி?” என்று கேட்டாள் மர்சலின். கோபமாகக் கேட்கவில்லை. வந்தவரிடம் ஏதாவது பேசவேண்டுமே என்று கேட்டது போலத்தான் இருந்தது.

“எங்க ஆன்ட்டி! இடிக்கவே இல்ல. அந்த பில்டர் கை விரிச்சிட்டான். இப்ப பெரியப்பா பசங்க வேற பங்கு கேட்டு கேஸ் போட்டிருக்காங்க. அப்படியே பூட்டிக் கிடக்கு. கதவெல்லாம் கரையான்.”

அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நாங்க இருந்திருக்கலாமா?”

கிளாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஜைதூன் பீ காபித் தட்டோடு வந்தாள். மர்சலின் ஒரு டம்ளரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். “குடி தம்பி, ஆறிடும்” என்றாள்.

பரங்கிமலையில் அடக்கம் செய்யும்போது மணி நாலரை. ஐந்தாம் நாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள்.